கோல்ப் மைதானத்தில் காத்திருத்தல்

தில்லியில் லோதித் தோட்டத்திற்கு அண்மையில் பேருந்தில் செல்லும் நம்மவர் பலர், வேலிக்கு அப்பால் பரந்து கிடக்கும் ஒரு பசும்புல் வெளியை அறிவர். பழைய கல்லறை மண்டபங்கள் சில அதனுள் இன்றும் நிற்கின்றன. மும்பையில் செம்பூரில் குடியிருப்போருக்கும், கொல்கத்தாவில் டாலிகஞ்சுப் பக்கம் வாழ்வோருக்கும், பெங்களூருவில் ஹைகிரவுண்ட்ஸ் வழியே அலுவலகம் செல்வோருக்கும் இத்தகைய வெளி புதிதன்று. கோல்ப் மைதானம் என்று பெயர் தெரியும். உள்ளே சென்றவர் நம்முள் சிலரே. வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அங்கு முதலில் படுவது ஆட்டமன்று. தொப்பியணிந்த மூவர் நால்வர் கையில் கோலுடன் ஓரிடத்தில் நின்றுகொண்டிருப்பதே கண்ணிற் படும்.

மகனைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து தில்லி வந்திருந்த பெரியவர் ஒருவர், ஒருமுறை பேருந்தில் நம் அருகில் அமர்ந்திருந்தார். சாலைச் சந்தியில் வண்டி நின்ற இடைவேளையில் இக்காட்சியை உற்று நோக்கிவிட்டு, "ஏன் தம்பி, இவர்கள் ஆடுகிறார்களா, இல்லை யாருக்காகவாவது காத்திருக்கிறார்களா?" என்று வினவினார். அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் இவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தபோதுதான், பெரியவர் கேட்ட அதே கேள்வியைக் கோல்ப் உலகமே நெடுங்காலமாகத் தன்னைத்தானே கேட்டு வருகிறது என்பது விளங்கிற்று.

ஆங்கிலத்தில் இப்பொருளைச் சுட்டும் தொடரை 'ஆட்டத்தின் வேகம்' என்று பெயர்த்தால் பொருந்தாது. கோப்புகளை மொழிபெயர்த்தே காலந்தள்ளும் நமக்கு இத்தகைய சொற்கள் அடிக்கடி தொல்லை தருவதுண்டு. வேகம் என்றவுடன் ஓட்டம் நினைவுக்கு வருகிறது. கோல்ப்பில் எவரும் ஓடுவதில்லை. 'ஆட்ட நடை' என்பதே நேரான சொல். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே நடப்பது, நிற்பது, நினைப்பது, தேடுவது ஆகிய அனைத்தும் அச்சொல்லில் அடங்கும். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் விந்தை புலனாகும். பதினெட்டுக் குழிகளையும் ஒருவர் 90 அடிகளில் முடிக்கிறார் என்று கொள்வோம். கோலை ஓங்கிப் பந்தை அடிக்க இரண்டு விநாடி போதும். ஆக, மெய்யாகவே அடிப்பதற்குச் செலவாவது மூன்றே நிமிடம். ஆயினும் மைதானத்தில் அவர் இருப்பதோ நான்கு மணி நேரம். போட்டி நாட்களில் ஐந்து மணியையும் தாண்டுவதுண்டு. எஞ்சிய நேரம் எங்கே போகிறது, அதற்குப் பொறுப்பு யார் என்பதே வழக்கு.

இவ்வழக்கின் தொடக்கத்தைக் காண ஸ்காட்லாந்து நாட்டிற்குச் செல்ல வேண்டும். எடின்பரோ நகரின் துறைமுகமான லீத் என்னுமிடத்தில் 1744-ஆம் ஆண்டில், கோல்ப் ஆடும் கனவான்கள் சிலர் ஒரு போட்டி நடத்த விரும்பினர். நகரசபை வெள்ளியாலான கோல் ஒன்றைப் பரிசாக வழங்கிற்று. போட்டி என்றால் விதி வேண்டுமல்லவா? பதின்மூன்று விதிகளை எழுதினர். இன்று கிடைப்பனவற்றுள் கோல்ப் ஆட்டத்தின் முதல் விதித்தொகுப்பு அதுவே. முதற் பரிசை வென்றவர் ஜான் ராட்ரே என்னும் அறுவை மருத்துவர். அவர் கதை சுவையானது. அடுத்த ஆண்டே ஸ்டூவர்ட் இளவரசரின் கிளர்ச்சியில் சேர்ந்து, 1746-இல் கலோடன் போரின் முடிவில் சிறைப்பட்டார். அவருடன் கோல்ப் ஆடிய நண்பரான நீதிபதி டங்கன் போர்ப்ஸ் பரிந்து பேசியமையால் உயிர் தப்பினார். கோல்ப் தோழமை ஒருவர் தலையைக் காத்த வரலாறு அது.

அப்பதின்மூன்று விதிகளுள் பன்னிரண்டாவதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குழியிலிருந்து எவர் பந்து அதிகத் தொலைவில் உள்ளதோ, அவரே முதலில் அடிக்கக் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். வெறிச்சோடிய கடற்கரைப் புல்வெளியில் இருவர் ஆடும்போது இது நியாயமான ஏற்பாடு. முறைக்கு முறை, சச்சரவுக்கு இடமில்லை. இதனால் நேரம் வீணாகும் என்று அக்கனவான்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். லீத் மைதானத்தில் அன்று இருந்தவை ஐந்தே குழிகள்.

அக்காலத்து ஆட்டம் பெரும்பாலும் குழிக்கணக்கு ஆட்டம். ஒரு குழியில் குறைந்த அடியில் பந்தைச் சேர்ப்பவர் அக்குழியை வென்றார். எத்தனை அடி வித்தியாசம் என்பது பொருட்டன்று. ஒரு குழியில் நாம் தோற்றுவிட்டோம் என்று தெரிந்தால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். எதிரியின் பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தால், "அது உமக்கே" என்று விட்டுக்கொடுத்துவிடலாம். வெற்றி உறுதியானவுடன் மீதிக் குழிகளை ஆட வேண்டியதும் இல்லை. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்க அமெச்சூர் பட்டத்திற்கான இறுதியாட்டம் மெரியன் மைதானத்தில் நடந்தபோது, பாபி ஜோன்ஸ் 29-ஆவது குழியிலேயே வென்றுவிட்டார். ஏற்பாடு செய்திருந்த 36 குழிகளில் ஏழு ஆடப்படாமலே நின்றன. வாழ்நாள் முழுதும் ஊதியம் கருதாத அமெச்சூராகவே போட்டிகளில் ஆடி உலகப் புகழ் பெற்ற ஜோன்ஸ், பந்தருகே அதிக நேரம் நிற்காதவர் என்றும் பெயரெடுத்தவர்.

நடை தளர்வதற்கான விதை வேறோரிடத்தில் ஊன்றப்பட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துக் கழகத்தின் ஏடுகளில் 1759-ஆம் ஆண்டில் ஒரு புதுமுறை தலைகாட்டுகிறது. எல்லாக் குழிகளிலும் அடித்த அடிகளைக் கூட்டி, மொத்தம் எவருக்குக் குறைவோ அவரே வென்றவர் என்னும் முறை அது. பலர் கலந்துகொள்ளும் போட்டியை ஒரே நாளில் முடிக்க இதைவிட எளிய வழி இல்லை. இருவர் இருவராக மோதவிட்டால் பல நாள் ஆகும்; கூட்டிப் பார்த்தால் மாலைக்குள் முடிவு தெரிந்துவிடும். நேரத்தை மிச்சப்படுத்தக் கண்ட வழி இது என்று சொல்லலாம். அதே வழிதான் பிற்காலத்தில் நேரத்தை விழுங்கிற்று.

ஏனெனில் அடிக்கணக்கு ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தல் இல்லை. ஒரு சாண் தூரமாயினும் பந்தைக் குழியில் தள்ளியே தீர வேண்டும். ஒரு குழியில் பத்தடி அடித்தாலும் பத்தும் ஏட்டில் ஏறும். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. ஒவ்வோர் அடியும் இறுதிவரை கணக்கில் நிற்குமாதலால், ஒவ்வோர் அடியையும் நின்று, குனிந்து, புல்லின் சாய்வு பார்த்து, காற்றை முகர்ந்து அடிக்க வேண்டியதாயிற்று. குழிக்கணக்கில் எதிரி ஒருவர். இங்கோ மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் எதிரிகள். அவர்களுள் பெரும்பாலோர் கண்ணுக்கே தெரியாதவர்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரியிடம் மனிதனுக்கு அச்சம் மிகுதி என்பதை விளையாட்டுக்கு வெளியேயும் நாம் காண்கிறோம்.

ஆயினும் அடிக்கணக்கு வந்த மறுநாளே ஆட்டம் தளர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரஸ்ட்விக் என்னுமிடத்தில் முதல் ஓபன் போட்டி நடைபெற்றது. ஆடியவர் எண்மர், அனைவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். பன்னிரண்டு குழி மைதானத்தை மும்முறை சுற்றி 36 குழிகளையும் ஒரே பகலில் முடித்தனர். ஸ்காட்லாந்தில் அக்டோபர்ப் பகல் எவ்வளவு குறுகியது என்பதை நோக்க, இது எளிய செயலன்று. மறு ஆண்டே அமெச்சூர்களுக்கும் இடம் தரப்பட்டது. 1892-இல் இப்போட்டி 72 குழிகளாக நீட்டப்பட்டபோது, நாளொன்றுக்கு 36 குழியாக இரண்டே நாளில் முடிந்தது. வென்றவர் ஹெரால்டு ஹில்டன் என்னும் அமெச்சூர். ஒரு நாளில் இரண்டு முழுச் சுற்று, நடுவே பகலுணவு என்பதே அக்காலத்துச் சாதாரண நடை. லீத்தில் வெள்ளிக் கோலுக்காக ஆடிய அதே கழகம், பின்னாளில் மியூர்பீல்டு என்னுமிடத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்கு இருவர் ஆட்டமும், ஒரே பந்தை இருவர் மாறி மாறி அடிக்கும் ஆட்டமுமே இன்றளவும் மரபாகப் போற்றப்படுகின்றன. கழகத்தார் காலையில் ஒரு சுற்றை முடித்து, உண்டு, மறுசுற்றுக்குப் புறப்படுவர். நாம் கண்டவரையில், தளராத நடைக்கு மியூர்பீல்டே சான்று.

பின் எப்போது மாறிற்று? ஒரு நாளைச் சுட்டிக் காட்ட இயலாது. ஆடுவோர் பெருகினர். பந்து நெடுந்தூரம் பறந்தது. அதற்கேற்ப மைதானங்கள் நீண்டன. நடை தூரமும் நீண்டது. இருவர் இருவராக ஆடியவர்கள் மூவராக, நால்வராக ஆடலாயினர். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தருகே நின்று அளந்து பார்ப்பதைத் தொலைக்காட்சியில் கண்ட அமெச்சூர்கள், அவர்களுடைய ஆற்றலைப் பெறாவிடினும் அவர்களுடைய நிற்றலைப் பெற்றுக்கொண்டனர். 1959, 1961 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்ற ஜாக் நிக்லாஸ், தொழில்முறை ஆட்டக்காரராக ஆடத் தொடங்கிய 1962-ஆம் ஆண்டில், போர்ட்லண்டு நகரப் போட்டியில் மெல்ல ஆடியதற்காக இரண்டடி அபராதம் பெற்றார். ஆனால் அப்போட்டியையும் அவரே வென்றார்! இதைக் கண்ட இளைஞர்கள் எப்பாடத்தைக் கற்றிருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1965 முதல் 1972 வரை அமெரிக்க அமெச்சூர் போட்டியே குழிக்கணக்கைக் கைவிட்டு அடிக்கணக்குக்கு மாறியிருந்தது. 1973-இல் மீண்டும் பழைய முறைக்குத் திரும்பிற்று.

விதி வகுப்போர் சும்மா இருந்தார்கள் என்று கூற முடியாது. 1952 முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகமும் அமெரிக்கச் சங்கமும் ஒரே விதித்தொகுப்பை வெளியிடத் தொடங்கின. 1960-இல் குழியைச் சூழ்ந்த புல்தரையில் பந்தை எடுத்துத் துடைத்துக்கொள்ள அனுமதி பிறந்தது. நன்மை கருதிய சலுகைதான். ஆனால் சலுகை கிடைத்தவுடன் ஒவ்வோர் அடிக்கும் முன்பு பந்தை எடுப்பதும் துடைப்பதும் வைப்பதும் ஒரு சடங்காயிற்று. 1968-இல் கையைக் கட்டினர்: ஒருமுறையே துடைக்கலாம், புல்தரையில் ஆடத் தொடங்கியவர் முடிக்கும்வரை தொடர்ந்து ஆட வேண்டும் என்று விதித்தனர். 1970-இல் அக்கட்டையும் அவிழ்த்துவிட்டனர். பத்தாண்டுக்குள் அவிழ்ப்பதும் கட்டுவதும் மீண்டும் அவிழ்ப்பதுமாக இருந்த இவ்வரலாறு, சுற்றறிக்கைகளை மொழிபெயர்க்கும் நம்மைப் போன்றோருக்குப் பழக்கமான ஒன்று.

உண்மையான மருந்து விதி வகுப்போரிடமிருந்து வரவில்லை. மீண்டும் ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது. பிராங்க் ஸ்டேபிள்போர்டு என்பவர் இங்கிலாந்தில் மெர்சி ஆற்றின் முகத்துவாரத்திற்கு அருகே வாலசி கழகத்தில் ஆடியவர். கடற்காற்று ஓயாது வீசும் மைதானம் அது. முதலிரண்டு குழிகளில் காற்றால் கெட்டுப்போனவர்கள் மனமுடைந்து, மீதியை உயிரின்றி ஆடுவதை அவர் கண்டார். அடிகளைக் கூட்டுவதை விட்டு, ஒவ்வொரு குழிக்கும் அடித்த அடிக்குத் தக்கவாறு புள்ளி வழங்கும் முறையை அவர் வகுத்தார். 1932-ஆம் ஆண்டில் வாலசியில் அம்முறையில் போட்டி நடந்தது. ஒரு குழியில் புள்ளி கிடைக்க வழியில்லையென்றால் பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். கெட்டது அக்குழி ஒன்றே, அடுத்தது புதுக்குழி. மனத்தளர்ச்சிக்காகக் கண்ட மருந்து நேரத்தளர்ச்சிக்கும் உதவிற்று. உலகெங்கும் அமெச்சூர் கழகங்களில் வார இறுதிப் போட்டிகள் பல இம்முறையில் நடப்பது வெறும் சம்பிரதாயத்தால் அன்று. ஆயினும் பெரிய பட்டங்களுக்கு இதை ஏற்கப் போட்டி நடத்துவோருக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் இவ்வழக்கு வேறொரு கோலம் பூண்டது. கல்கத்தாவில் 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கழகமே பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்று நிலவும் கழகங்களுள் மிகப் பழையது. இந்திய அமெச்சூர் பட்டப்போட்டி அங்கு 1892-இல் தொடங்கிற்று. குளங்களும் புதர்களும் நிறைந்த இந்நாட்டு மைதானங்களில் பந்து தொலைவது எளிது, தேடுவது கடினம், தேடும் நேரமே ஆட்டத்தைத் தளர்த்தும். வெள்ளைத் துரைமார் இதற்குக் கண்ட வழி, பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல்ல முன்கூட்டியே ஆளை ஓடவிடுவது. அவருக்கு 'ஆகேவாலா' என்று பெயர்; இந்தியில் முன்னே இருப்பவர் என்று பொருள். கோல் மூட்டையைச் சுமப்பவர் வேறு, இவர் வேறு. (சுமப்பவரை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினால் போலீசார் பட்டியலில் உள்ள 'கேடி' ஆகிவிடுகிறது. உழைத்துப் பிழைப்பவருக்கு அப்பெயர் தகாது என்பதால் நாம் அதைத் தவிர்க்கிறோம்.) வெயிலிலும் மழையிலும் பறந்து வரும் பந்துக்கு எதிரே நின்று, அது புல்லுள் மறையும் இடத்தைக் கண்ணால் பிடித்து வைப்பது அவர் தொழில். இந்நாட்டு மைதானத்தில் ஆட்டம் இடையூறின்றி நடந்தது என்று அந்நாளைய துரைமார் மகிழ்ந்திருந்தால், அதற்கான விலையை அவர்கள் தம் நேரத்தால் கொடுக்கவில்லை. வறிய ஒருவருடைய கண்ணாலும் காலாலும் கொடுத்தனர். கோல் சுமந்து ஆட்டம் கற்றவர்களே பின்னாளில் சாதனை புரிந்ததும் உண்டு. தில்லியில் கோல் சுமந்த அலி ஷேர், 1991-ஆம் ஆண்டில் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார்.

இனிப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். மெல்ல ஆடுகிறவர் யார் என்று தேடி அவரைத் தண்டிப்பதே வழி என்று பல்லாண்டுகள் எண்ணி வந்தனர். இவ்வெண்ணத்தை ஐயுற்றவர்களுள் ஒருவர் லூசியஸ் ரிச்சியோ. இவர் பொறியியலாளர், 1990 முதல் 1993 வரை நியூயார்க் நகரின் போக்குவரத்து ஆணையராக இருந்தவர். சாலையில் வண்டிகள் தேங்குவது ஏன் என்று ஆராய்ந்த கண்ணால் மைதானத்தையும் நோக்கினார். 2013-இல் இதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். வரிசையில் நிற்போர் பற்றிய கணிதம் இரண்டிற்கும் ஒன்றே என்பது அவர் கருத்து. அதை நம் கணக்கால் இங்கு விளக்க முயல்கிறோம்.

போட்டியில் 120 பேர், நால்வர் நால்வராக 30 குழுக்கள் என்று கொள்வோம். முதற்குழு காலை 6 மணிக்குப் புறப்படுகிறது. போட்டி நடத்துவோர் எட்டு நிமிடத்திற்கு ஒரு குழுவை அனுப்பினால் கடைசிக் குழு 9-52-க்குப் புறப்படும். பத்து நிமிடத்திற்கு ஒரு குழு என்றால் 10-50 ஆகிவிடும். பகல் வெளிச்சம் போதாது என்று அஞ்சி எட்டு நிமிடத்தையே அவர்கள் தேர்கின்றனர். 58 நிமிடம் மிச்சம் என்று மகிழ்கின்றனர்.

ஆனால் மைதானத்தில் குறுங்குழி என்று ஒன்று உண்டு. ஒரே அடியில் பந்தைக் குழிசூழ் புல்தரைக்கு அனுப்பக்கூடிய தூரம் அதற்கு. நீண்ட குழியானால் முன்னே ஒரு குழு, பின்னே ஒரு குழு என்று இரண்டு மூன்று குழுக்கள் அதில் ஒரே நேரத்தில் நடக்கலாம். குறுங்குழியிலோ முன்குழு புல்தரையை விட்டு நீங்கும்வரை பின்குழு கோலைத் தொட முடியாது. நால்வரும் அடித்து, நடந்து, குழியில் சேர்த்து வெளியேற, எவரும் சோம்பாமல் ஆடினாலும் பத்து நிமிடம் ஆகும் என்போம். இரண்டாவது குழு எட்டாவது நிமிடத்தில் வந்து இரண்டு நிமிடம் நிற்கிறது. மூன்றாவது குழு நான்கு நிமிடம் நிற்கிறது. இவ்வாறே ஏறி முப்பதாவது குழு நிற்பது 29 இரண்டுகள், அதாவது 58 நிமிடம்! தொடக்க மேடையில் மிச்சம் பிடித்த அதே 58 நிமிடம் குறுங்குழியில் எதிரே வந்து நிற்கிறது. மிச்சம் ஒன்றுமில்லை. முன்பு கழகத்தின் நிழலில் காப்பி அருந்தியபடி காத்திருக்க வேண்டியவர் இப்போது வெயிலில் காத்திருக்கிறார், அவ்வளவே வேறுபாடு.

இணையவழிப் பதிவு வருமுன், தீபாவளிக்கு ஊர் செல்ல ரயில்வே முன்பதிவுச் சாளரத்தில் விடியற்காலை முதல் நின்ற நம்மவருக்கு இக்கணக்கை விரித்துரைக்க வேண்டியதில்லை. சாளரம் ஒன்று, எழுத்தர் ஒருவர், அவர் ஒருவரை அனுப்புவதற்குள் கதவு வழியே இருவர் உள்ளே வந்துவிடுவர். வரிசையில் நிற்கும் எவரும் சோம்பேறி அல்லர். எழுத்தரும் சோம்பேறி அல்லர். ஆயினும் நிற்கிறோம், நின்றவர்கள் முன்னே இருப்பவரைத்தான் வைகிறோம்.

மெல்ல ஆடுவோரே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. ஒரே அடிக்கு மும்முறை கோலை மாற்றுவோரும், பந்தைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்வோரும் உண்டு. அவர்களால் பின்னால் வருவோர் நாளே கெடும். ஆனால் கால அட்டவணை பிறப்பித்த தாமதத்தையும் ஓர் ஆள் பிறப்பித்த தாமதத்தையும் வேறு பிரித்துப் பார்ப்பது அரிது. அபராதமோ ஆளுக்குத்தான் விதிக்கப்படுகிறது. அட்டவணைக்கு எவரும் அபராதம் விதிப்பதில்லை. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் படித்தபோது நம் மனம் இதில்தான் தடுக்கி நின்றது.

குவான் தியன்லாங் என்பவன் சீன நாட்டுச் சிறுவன். 2012-இல் தாய்லாந்தில் நடந்த ஆசிய பசிபிக் அமெச்சூர் போட்டியை வென்று, அமெரிக்காவில் அகஸ்டா நகரத்து மாஸ்டர்ஸ் போட்டிக்கு அழைப்புப் பெற்றான். முன்னே நாம் சொன்ன பாபி ஜோன்ஸ் 1934-இல் தோற்றுவித்த போட்டி அது. உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடுமிடம். பையனுக்கு வயது பதினான்கு. அப்போட்டியில் அவ்வளவு இளையவர் எவரும் அதற்கு முன் ஆடியதில்லை. முதல் நாள் 73 அடி அடித்து அனைவரையும் வியக்க வைத்தான்.

இரண்டாம் நாள் காற்று நிலைகொள்ளாமல் திசை மாறி வீசிற்று. அவன் குழு முன்குழுவை விட்டு இடைவெளி விழும்படி பின்தங்கிற்று. பன்னிரண்டாவது குழியில் நடுவர்கள் கடிகாரத்தைக் கையிலெடுத்தனர். ஓர் அடிக்கு 40 விநாடி என்பது அங்குள்ள எல்லை. பதின்மூன்றாவது குழியில் முதல் எச்சரிக்கை. பதினேழாவது குழியில் இரண்டாவது அடிக்கு எல்லை மீறினான் என்று ஓரடி அபராதம் விதித்தனர். அன்றைய கணக்கு அதனால் 75 ஆயிற்று.

ஓரடிதானே என்று தோன்றலாம். இரண்டாம் நாள் முடிவில் பலரை வெளியேற்றிவிடுவது அப்போட்டியின் வழக்கம். முன்னணியில் இருப்பவரிடமிருந்து பத்தடிக்குள் இருப்போர் நிலைப்பர் என்றொரு வரம்பும் அன்று இருந்தது. பையனின் இருநாள் மொத்தம் 148. தன் ஆட்டத்தை முடித்துவிட்டு, பிறர் முடிக்கும்வரை அவன் காத்திருக்க வேண்டியதாயிற்று. மாலையில் முன்னணியில் நின்ற ஜேசன் டேயின் மொத்தம் 138. சரியாகப் பத்து! முன்னணியாளர் இன்னும் ஓரடி குறைத்திருந்தால் சிறுவன் அன்றே ஊருக்கு மூட்டை கட்டியிருப்பான்.

நடுவர்கள் விதிப்படி நடந்தனர் என்பதில் ஐயமில்லை. எச்சரித்தார்கள், அளந்தார்கள், பின்னரே விதித்தார்கள். பையனும் முறையிடவில்லை, தீர்ப்பை மதிப்பதாகக் கூறி அமைந்தான். அவனுடன் ஆடிய மூத்த ஆட்டக்காரர் பென் கிரென்ஷா வெளிப்படையாக வருந்தினார். இருப்பினும் அன்று மைதானத்தில் இருந்த அத்தனை பேரிலும் நடைத் தளர்ச்சிக்காக அபராதம் பெற்றவன் ஊதியம் பெறாத இச்சிறுவன் ஒருவனே. பரிசுப் பணத்திற்காக ஆடுகிறவர்கள் ஆண்டு முழுதும் அளந்து அளந்து அடிப்பதை உலகம் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களைப் பார்த்தே ஆட்டம் கற்ற பையனிடம் கணக்குத் தீர்க்கப்பட்டது என்றே நமக்குப் படுகிறது. விதி சரி, விதி விழுந்த இடம் சரியா என்பதில் நாம் கருத்து வேறுபடுகிறோம். கடைசி நாள்வரை ஆடி முடித்தான் குவான். அப்போட்டிக்கு வந்த அமெச்சூர்களுள் கடைசிவரை நின்றவன் அவன் மட்டுமே. அமெச்சூர்களுக்குரிய வெள்ளிக் கோப்பையும் அவனுக்கே கிடைத்தது.

அதன்பின் விதி வகுப்போரின் நோக்கு மாறத் தொடங்கிற்று. 2015 நவம்பரில் செயின்ட் ஆண்ட்ரூஸில் இப்பொருள் பற்றியே ஒரு மாநாடு கூடிற்று. ஆடுவோரைப் போலவே மைதானம் அமைப்போருக்கும் அட்டவணை போடுவோருக்கும் இதில் பொறுப்புண்டு என்பது விவாதிக்கப்பட்டது. 2019 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய விதித்தொகுப்பு பல பழைய கட்டுகளைத் தளர்த்தியது. தொலைந்த பந்தைத் தேட இருந்த ஐந்து நிமிடம் மூன்றாகக் குறைந்தது. குழியில் நிற்கும் கொடிக்கம்பை எடுக்காமலே பந்தைத் தள்ளலாம் என்றாயிற்று. ஒவ்வோர் அடியையும் 40 விநாடிக்குள் அடிக்க வேண்டும் என்பது எல்லா ஆட்டக்காரருக்கும் பரிந்துரையாயிற்று. ஒரு குழிக்கு இத்தனை அடியே உச்சவரம்பு, அதற்குமேல் பந்தை எடுத்துவிடலாம் என்னும் போட்டி முறைக்கும் விதியில் இடம் கிடைத்தது. வாலசி மருத்துவரின் சட்டைப்பை மருந்துக்கு இவ்வாறு அடிக்கணக்கு ஆட்டத்திலும் ஒரு மூலை ஒதுக்கப்பட்டது. காரணமின்றித் தாமதிப்போருக்கு முதல் முறை ஓரடி, இரண்டாம் முறை இரண்டடி, மூன்றாம் முறை நீக்கம் என்பது வகுக்கப்பட்டது.

இவையனைத்திலும் நம் கண்ணுக்கு முதன்மையாகப் பட்டது வேறொன்று. அடிக்கணக்கு ஆட்டத்தில் ஆபத்தில்லாத வகையில் ஆயத்தமானவர் முதலில் அடிக்கலாம். தொலைவில் உள்ளவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று புதுவிதி இசைவளித்தது. அவ்வாறு ஆடுமாறு ஊக்கவும் செய்தது. லீத் கனவான்கள் எழுதிய பன்னிரண்டாவது விதி 275 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு தளர்ந்தது. குழிக்கணக்கு ஆட்டத்தில் மட்டும் அது பழையபடியே உயிருடன் உள்ளது. முறை தவறி முந்தி அடித்தவரின் அடியைச் செல்லாது என்று கூறி மீண்டும் அடிக்கச் செய்யும் உரிமை அங்கு எதிரிக்கு இன்னும் உண்டு.